உறுதி இல்லையென்றால்

குருவுக்குத் தாடி இல்லை. சீடருக்கு இருந்தது, அதுவும் நன்றாக நரைத்த தாடி.

குருவின் பெயர் வடிவு. வயது முப்பத்தைந்தைத் தாண்டாது. சீடர் கஸ்பாருக்கு ஐம்பது கடந்து சில வருஷம் ஆகியிருந்தது. டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து, விருப்ப ஓய்வு வாங்கி, பிறகு ஒருநாள் வடிவின் முன்னால் வந்து நின்று, "எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று கேட்டவர்.

இவர்களுடைய ஆசிரமம் தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு ஐஸ் கம்பெனியின் மாடியில் இருந்தது. காவியும் கமண்டலமும் கிடையாது. சால்டரிங் புகையும், காற்று திரும்பினால் கருவாட்டு வாசனையும் உண்டு. அங்கே மீன்பிடிப் படகுகளுக்காக ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். செல்போன் எட்டாத தூரத்திலும் புயல் எச்சரிக்கையை ரேடியோ வழியாக வாங்கி, தமிழில் உரக்கச் சொல்கிற பெட்டி.

வடிவை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் எடுத்ததில்லை. கேட்ட கேள்விக்கு உடனே பதில் சொல்லாத குணத்தால் வந்த பெயராக இருக்கலாம்.

பெட்டிக்குள் ஒரே போர்டில் அடங்கிய ஒரு சின்னக் கம்ப்யூட்டர். அதற்கான கர்னலை, அதாவது எல்லாவற்றுக்கும் அடியில் இருந்துகொண்டு வேலை வாங்குகிற நிரலை, அவர்களே கட்டினார்கள். கட்டுவதற்கு முன்னால் அது கேள்வி கேட்கும். இது வேண்டுமா, அது வேண்டுமா என்று சம்பந்தி வீட்டார் மாதிரி ஓயாமல் கேட்கும். 'ஆம்' என்று சொன்னால் அந்தப் பகுதி கர்னலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். 'இல்லை' என்றால் அதோடு சரி. இன்னொரு பதிலும் உண்டு. 'மாட்யூல்' என்று சொன்னால் அது வெளியே மெமரி கார்டில் காத்திருந்து, தேவைப்படும்போது வந்து சேர்ந்துகொள்ளும்.

கஸ்பாரிடம் ஒப்படைக்கப்பட்டவை ஃபர்ம்வேர் டிரைவர்கள் பற்றிய கேள்விகள். டிரைவர் என்பது ஒரு கருவியைக் கர்னலோடு இணைத்துவைக்கிற நிரல். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் வேதம் படிக்கிற மாதிரி படித்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ஒவ்வொரு கேள்விக்கும் கீழ விளக்கம் போட்டிருக்கான். கடைசி வரி அநேகமா எல்லாத்துலயும் ஒண்ணுதான். உறுதி இல்லையென்றால் இல்லை என்று சொல்."

"ஆமா."

"எனக்கு உறுதி இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வடிவு எட்டி அவருடைய திரையைப் பார்த்தாள். போர்டைத் தயாரித்தவரின் பெயர், வரிசை எண் எல்லாம் கொண்ட ஓர் அட்டவணையை வெளியே காட்டவா என்று கர்னல் கேட்டிருந்தது. கஸ்பார் 'ஆம்' போட்டிருந்தார்.

"நம்ம போர்டுல அந்த அட்டவணை இருக்கா?"

"இல்ல."

"பின்ன ஏன் ஆம்?"

"கிடந்துட்டுப் போகட்டும்னுதான். என்னைக்காவது உதவும்லா?"

அவள் சிரித்துவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டாள். கஸ்பார் அந்த 'ஆம்' என்பதை 'இல்லை' என்று மாற்றினார். மாற்றும்போது முகம் வாடியது. அவர் யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர். கோயில் திருவிழாக் கமிட்டி கூப்பிட்டாலும் 'ஆகட்டும்' என்பார், பக்கத்து வீட்டுக்காரர் ஏணி கேட்டாலும் 'ஆகட்டும்' என்பார். ஊரில் பாதிப்பேர் அவருடைய ஆகட்டும்களை நம்பிக் காத்திருந்தார்கள்.

எல்லாக் கேள்வியிலும் பெரிய கேள்வி ரேடியோ சிப் பற்றியது.

அந்தச் சிப்புக்கு ஒரு குணம். கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி கரண்ட் வந்ததும், மெமரி கார்டில் இருக்கும் ஃபர்ம்வேர் கோப்பை, அதாவது சிப்புக்கான பாடத்தை, எடுத்து டிரைவர் அதற்கு ஊட்ட வேண்டும். ஊட்டினால்தான் தான் ஒரு ரேடியோ என்பதே அதற்கு நினைவு வரும். வடிவு அந்த டிரைவருக்கு 'மாட்யூல்' என்று போட்டிருந்தாள். அதனால் பெட்டி விழித்துக்கொண்டு வாய் திறக்கச் சற்று நேரம் பிடித்தது.

கஸ்பாருக்கு அது பொறுக்கவில்லை. முதல் பெட்டி அவருடைய தம்பி இஞ்ஞாசியின் படகுக்குப் போக இருந்தது. இஞ்ஞாசி தங்குகடலுக்குப் போகிறவன். போனால் பல இரவுகள் கடலிலேயே கிடந்துவிட்டுத்தான் திரும்புவான். போன வருஷம் திடீர்க் காற்றில் மாட்டி அவன் கரை வந்து சேர்ந்த கோலத்தைக் கஸ்பார் கண்ணால் பார்த்தார். அதற்குப் பிறகு இரவில் காற்றுச் சத்தம் கேட்டாலே எழுந்து மொட்டைமாடிக்குப் போய்க் கடலைப் பார்ப்பார். இந்த வேலையைக் கற்றுக்கொள்ள வந்ததே அதனால்தான்.

"உசுரக் காப்பாத்துற ரேடியோ. அதப் போயி வெளிய நிறுத்தி வச்சிருக்கியளே டீச்சர்?"

"நல்லாத்தான நிக்குது."

"முக்கியமானதுலா? உள்ளல்லா இருக்கணும்?"

அவள் அன்று மாலை ஒரு கல்யாணத்துக்காக நாசரேத் போய்விட்டாள்.

அவள் இல்லாத நாளில் கஸ்பார் ரேடியோ டிரைவருக்கு 'ஆம்' என்று போட்டார். கர்னலைக் கட்டி, ஓடிக்கொண்டிருந்த பெட்டியிலேயே ஏற்றி, ரீஸ்டார்ட் கொடுத்தார். மூச்சு விடும் நேரத்தில் பெட்டி எழுந்தது. ரேடியோ பேசியது. கடல் நிலவரம் கணீரென்று வந்தது. மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்தார். மறுபடியும் பேசியது. பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

கஸ்பாருக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பிக்குப் போன் போட்டார்.

"ஏலே இஞ்ஞாசி, பெட்டி ரெடி. நாளைக்கு மத்தியானம் வந்து வாங்கிக்கோ."

"டீச்சர் பாத்துட்டாவளா?"

"நான் பாத்துட்டேன்லா!"

மறுநாள் காலை வடிவு வந்தாள். கல்யாண வீட்டுப் பலகாரத்தோடு மக்ரூன் பொட்டலம் ஒன்றும் கொண்டுவந்திருந்தாள். கஸ்பார் அவளை உட்காரக்கூட விடவில்லை.

"பாருங்க டீச்சர்." ரீஸ்டார்ட் கொடுத்தார். பெட்டி சட்டென்று எழுந்து பேசியது.

"வேகமா இருக்கே."

"உள்ள வச்சுட்டேன். இப்ப சொல்லுதேன், எனக்கு உறுதி இருக்கு. மயிரிழை சந்தேகம் கிடையாது."

வடிவு பெட்டியின் பின்பக்கம் கையை விட்டுக் கரண்ட் வயரை உருவினாள்.

பச்சை விளக்கு அணைந்தது. அவள் மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்தாள். கல்யாணப் பந்தியில் யாருக்கும் யாருக்கும் சண்டை வந்தது என்று கதை சொன்னாள். கஸ்பாரும் தின்றுகொண்டே கதை கேட்டார். கதை முடிந்ததும் வயரைத் திரும்பவும் சொருகினாள்.

பச்சை விளக்கு எரிந்தது. பெட்டி வேகமாகத்தான் எழுந்தது. ஆனால் பேசவில்லை.

"ஆன்டெனா லூசா இருக்கும்" என்றார் கஸ்பார். இறுக்கினார். பேசவில்லை.

ஸ்பீக்கரைத் தட்டினார். ரீஸ்டார்ட் கொடுத்தார். இன்னொரு தடவை கொடுத்தார். பெட்டி ஊமைச்சாமியார் மாதிரி உட்கார்ந்திருந்தது. அவருடைய தாடியில் மக்ரூன் தூள் ஒட்டியிருந்தது. சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

"நேத்தெல்லாம் பேசுச்சே டீச்சர்! இந்தா, இப்பகூடப் பேசுச்சே!"

"நேத்து கரண்ட நிறுத்துனியளா?"

"இல்ல. ரீஸ்டார்ட்தான்."

"டிரைவர் எப்ப எந்திரிக்கும்?"

"கர்னலுக்குள்ளல்லா இருக்கு? கர்னலோடயே எந்திரிச்சிரும்."

"எந்திரிச்சதும் என்ன செய்யும்?"

"ஃபர்ம்வேர் கோப்பக் கேக்கும்."

"கோப்பு எங்கன இருக்கு?"

"கார்டுல."

"கார்டு எப்பத் திறக்கும்?"

"அது கர்னல் எந்திரிச்சு, எல்லாம்..." என்று ஆரம்பித்த கஸ்பார் நிறுத்தினார். நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

கார்டு திறக்கும் முன்பே அவருடைய டிரைவர் எழுந்து கோப்பைக் கேட்டிருக்கிறது. கொடுக்க அங்கே யாரும் இல்லை. சிப்புக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"அப்ப நேத்து எப்படிப் பேசுச்சு?"

"நேத்துக் காலைல அதுல ஓடிட்டிருந்தது எந்தக் கர்னல்?"

"உங்களோடது."

 கஸ்பாருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவளுடைய கர்னல் ஊட்டியதைச் சிப்பு மறக்காமல் வைத்திருந்தது. ரீஸ்டார்ட் கொடுத்தால் கர்னல்தான் புதிதாக எழும். சிப்புக்குக் கரண்ட் போவதில்லை. தன்னுடையது என்று அவர் தலைநிமிர்ந்து காட்டிய பேச்சு முழுக்க அவள் கொடுத்த சாப்பாட்டில் வந்தது.

கஸ்பாரின் கண் கலங்கிவிட்டது. அவர் அதை மறைக்கவும் இல்லை.

"இதக் குடுத்துவிட்டிருந்தேன்னா..."

"குடுக்கலேல்லா."

"மனசு கேக்கல டீச்சர். முக்கியமானத எப்படி வெளிய நிறுத்துறதுன்னு... என் தம்பி போறான்."

"தெரியும் அண்ணாச்சி."

கஸ்பார் பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். டெலிபோன் ஆபீஸ் புத்தி விழித்துக்கொண்டது.

"அந்தக் கோப்பையும் சேத்துக் கர்னலுக்குள்ள வச்சுக் கட்டிட்டா?"

"வைக்கலாம். அதுவும் பேசும்."

"அப்ப எது சரி? உள்ளயா, வெளியவா?"

"அந்தக் கோப்ப சிப் கம்பெனிக்காரன் மாத்திக்கிட்டே இருக்கான். உள்ள வச்சா, அவன் மாத்துற ஒவ்வொரு தடவையும் நீங்க கர்னலக் கட்டணும். ஒவ்வொரு படகாப் போய் ஏத்தணும்."

"வெளிய வச்சா?"

"மெதுவா எந்திரிக்கும்."

கஸ்பார் யோசித்தார். இந்த முறை ஆகட்டும் என்று எதுவும் வாயில் வரவில்லை. ரேடியோ டிரைவருக்கு எதிரே 'மாட்யூல்' என்று போட்டுக் கர்னலைக் கட்டினார். ஏற்றினார். தானே வயரை உருவினார். பெட்டி நன்றாகக் குளிரட்டும் என்று ஐஸ் கம்பெனி வாசல்வரை நடந்துவிட்டு வந்து சொருகினார். பெட்டி சாவகாசமாக எழுந்து, சாவகாசமாகப் பேசியது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

மத்தியானம் இஞ்ஞாசி வந்தான். கறுத்து இறுகிய உடம்பு, வாய் நிறையச் சிரிப்பு. வரும்போதே அண்ணனைக் கிண்டல் செய்துகொண்டுதான் வந்தான். கஸ்பாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. மீனவக் குடும்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனாலேயே வீட்டில் அவரைப் படிக்க வைத்தார்கள்.

"டீச்சர், எங்க அண்ணன் கடல மொட்டமாடில இருந்து பாக்குற ஆளு. அவன் செஞ்ச பெட்டி கடல்ல வேல செய்யுமா?"

"இந்தா, நீயே கேளு" என்று கஸ்பார் வயரை உருவி, காத்திருந்து, சொருகிக் காட்டினார். பெட்டி பேசியது. இஞ்ஞாசியின் சிரிப்பு அடங்கியது. பெட்டியை வாஞ்சையோடு தடவிப் பார்த்தான்.

"சத்தம் எஞ்சினுக்கு மேல கேக்கும்போல. நல்லாருக்குண்ணே." கையில் எடுத்துத் திருப்பினான். "எஞ்சினுக்கு செல்ப் அடிக்கும்போது மட்டும் லைட்டெல்லாம் மங்கிட்டுப் பொறவுதான் எரியும். அது ஒண்ணும் செய்யாதுல்லா?"

கஸ்பார் அவனைப் பார்த்தார்.

"மங்குமா?"

"பாட்டரி ஒண்ணுதான? செல்ப் இழுக்கும்போது எல்லாம் செத்துப் பொழைக்கும். வலை இழுக்க நிறுத்துவோம், மறுபடி ஸ்டார்ட் பண்ணுவோம். ஒரு நாளைக்கு எத்தனையோ தடவ நடக்கும்."

முழுக் கரண்டில் பேசும் என்று கஸ்பாருக்குத் தெரியும். கரண்ட் அறவே போய்த் திரும்பினால் பேசும் என்றும் இப்போது தெரியும். பாதி போய்ப் பாதி இருந்தால்? கம்ப்யூட்டர் விழித்தபடியே இருக்க, சிப்பு மட்டும் மறந்துபோனால்? அப்போது அதற்கு ஊட்டவேண்டும் என்று யாருக்குத் தெரியும்?

"டீச்சர்?"

"எனக்கும் தெரியாது அண்ணாச்சி" என்றாள் வடிவு.

மேசையில் இருந்த பவர் சப்ளையில் பெட்டியை மாட்டி, குமிழைத் திருகிக் கரண்டைக் குறைத்துக் கூட்டினார்கள். பேசியது. வேகமாகக் குறைத்தார்கள். பேசியது. சிப்பு வாயடைத்துப் போனால் டிரைவரை இறக்கி மறுபடி ஏற்றும்படி வடிவு ஒரு சின்ன ஏற்பாடும் செய்தாள். வெளியே நின்ற மாட்யூல் என்பதால் அது முடிந்தது. அதையும் சோதித்தார்கள். பேசியது.

"போதும்லா?" என்றான் இஞ்ஞாசி.

"இது மேசைல. உன் பாட்டரி எப்படி இழுக்குமோ" என்றார் கஸ்பார். "இன்னும் ஒரு வாரம் வச்சுப் பாக்கணும். நீ அதுவரைக்கும் போகாத."

"விளையாடுதியா? ஐஸ் ஏத்தியாச்சு, டீசல் போட்டாச்சு. ஆளுவ எல்லாம் படகுல கிடக்கானுவ. விடியுமுன்ன கிளம்பணும்."

"பெட்டி இல்லாம போவியா?"

"இத்தன வருசம் பெட்டி வச்சுக்கிட்டா போனேன்?"

 இல்லை என்று சொன்னால் தம்பி வெறுங்கையோடு போவான். ஆம் என்று சொன்னால் பெட்டியை நம்பி, வானத்தைப் பார்க்காமல் இன்னும் தூரம் போவான். அவனுடைய தைரியம் அவருக்குத் தெரியும்.

"கடைசியாக் கேக்கேன்ணே. நீ உறுதியாச் சொல்லு. நடுக்கடல்ல இது பேசுமா, பேசாதா?"

நேற்று வரை இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் தயாராக இருந்திருக்கும்.   கஸ்பார் வடிவின் பக்கம் திரும்பினார்.

"நீங்களாவது சொல்லுங்க டீச்சர்."

"பேசும்னு நினைக்கேன்."

"நினைச்சா போதுமா?"

"போதாது."

"பின்ன உறுதி இல்லாத ஒண்ண நான் எப்படி இவன்கிட்டக் குடுத்தனுப்ப?"

வடிவு இஞ்ஞாசியிடமிருந்து பெட்டியை வாங்கினாள். வயரைச் சுற்றி, ஆன்டெனாவை மடக்கி, கஸ்பாரின் இரண்டு கைகளிலும் வைத்தாள்.

"குடுத்தனுப்பாதீங்க அண்ணாச்சி. நீங்களே இவன்கூடக் கொண்டு போங்க."